மூலமும் உரையும் ஒரே கட்டில் இருக்க வேண்டுமா?

ஆய்வேட்டின் ஐந்தாம் இயலை எழுதி முடிப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு நான் விடை காண வேண்டியிருந்தது. நான்கு ஆண்டுகளாக எழுதிவரும் என் நிரல் எங்கே குடியிருக்க வேண்டும்? லினக்ஸ் கெர்னலின் மூல நிரல் மரத்துக்கு உள்ளேயா, அதற்கு வெளியே தனி மனையிலா? கேட்பதற்குக் கோப்புறைச் சிக்கல் போலத் தோன்றும். ஆனால் உதவித்தொகை முடிந்து, ஆய்வேடு நூலக அலமாரியில் ஏறிய பிறகு அந்த நிரலை வேறொருவர் ஓட்டிப் பார்க்க முடியுமா என்பது இந்த விடையைப் பொறுத்தே அமைகிறது. நம் துறையில் பட்டம் பெற்ற கையோடு இறந்துபோன நிரல்கள் எத்தனை என்று ஆய்வு மாணவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

புலம் சாராத நண்பர்களும் இந்தப் பக்கத்தை வாசிப்பதால் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதாகப் பாவித்து அதில் தனி இயங்குதளத்தை ஓட்டுவது மெய்நிகராக்கம். லினக்ஸில் இந்த வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. செயலியோடு நேரடியாகப் பேச வேண்டிய பகுதி கெர்னலுக்குள் இருக்கிறது. அதன் பெயர் கேவிஎம். அவி கிவிட்டி 2006-இல் அறிமுகப்படுத்திய அது, 2007 பிப்ரவரியில் வெளியான 2.6.20 பதிப்பிலேயே கெர்னலில் சேர்ந்துவிட்டது. மெய்நிகர் பொறிக்கு நினைவகம் ஒதுக்குவது, வட்டும் வலையட்டையும் இருப்பதாக நடிப்பது, பொறியைத் தொடங்கி நிறுத்துவது ஆகியவை பயனர் தளத்தில் ஓடும் ஒரு சாதாரண நிரலின் பொறுப்பு. பெரும்பாலும் அந்த நிரல் க்யூஎமு. ஃபப்ரீஸ் பெல்லார்ட் கேவிஎம் பிறப்பதற்கு முன்பே, வேறொரு நோக்கத்துக்காகத் தொடங்கியது அது. கெர்னலும் இந்த நிரலும் ஒன்றோடொன்று பேச ஒரு சிறிய வாயில் உண்டு. ‘பொறியை உண்டாக்கு’, ‘செயலியைச் சேர்’, ‘ஓடு’ என்பன போன்ற அழைப்புகள்தான் அந்த வாயிலின் மொழி.

இப்போது வழக்கு. இந்த இரண்டாவது நிரலும் கெர்னலின் மூல மரத்துக்குள்ளேயே இருக்கலாமா?

2010 மார்ச்சில் இங்கோ மோல்னார் இதை உரக்க எழுப்பினார். கேவிஎம்மின் கெர்னல் பகுதியும் பயனர் பகுதியும் இரு வேறு திட்டங்களாகப் பிரிந்து கிடப்பதால்தான் மேசைக்கணினிப் பயனருக்கு வேண்டியவை வளர்வதில்லை என்பது அவர் வாதம். அவர் கையில் நல்ல சான்று ஒன்றிருந்தது. செயல்திறன் அளக்கும் பெர்ஃப் என்னும் கருவி 2009-இல் வெளியான 2.6.31 பதிப்பிலிருந்து கெர்னல் மரத்தின் ‘டூல்ஸ்’ கோப்புறைக்குள் இருந்துகொண்டே விரைந்து வளர்ந்திருந்தது. அவி கிவிட்டியும், அப்போது க்யூஎமுவைப் பேணிவந்த ஆந்தனி லிகோரியும் உடன்படவில்லை. விவாதம் நீண்டது, யாரும் யாரையும் வெல்லவில்லை.

ஓராண்டு கழித்து, 2011 மார்ச் முடிவில், பெக்கா என்பெர்க் ஒரு சிறு நிரலை முன்வைத்தார். ஏறத்தாழ ஐயாயிரம் வரிகள். கெர்னலின் எழுத்து நடையிலேயே எழுதப்பட்டு, கெர்னல் மரத்துக்குள்ளிருந்தே தொகுக்கப்பட்டு, புதிதாகக் கட்டிய கெர்னலை அங்கேயே ஒரு மெய்நிகர் பொறியில் ஏற்றிப் பார்க்க உதவியது. இன்று கேவிஎம்டூல் என்று அறியப்படுவது அதுதான். அவ்வாண்டின் இறுதியில் 3.2 பதிப்புக்கு அதை இணைக்கக் கோரினார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் இணைக்கவில்லை. 2013 தொடக்கத்தில் மீண்டும் முயன்றார்கள். இம்முறை வெளிப்படையாக மறுத்தார். தனித்து வளரக்கூடிய ஒன்றைக் கெர்னலோடு ஏன் கட்டிவைக்க வேண்டும், அதனால் யாருக்கு என்ன நன்மை என்பதே அவர் கேட்டதன் சாரம். இரண்டாண்டுகள் கழித்து வில் டீகன் அதைத் தனிக் களஞ்சியமாகப் பிரித்தெடுத்தார்.

என் ஆய்வு இந்தக் கேவிஎம்டூலின் மேல்தான் நிற்கிறது. ரிஸ்க்-வி செயலியில் ஓடும் மெய்நிகர் பொறிகள் தமக்குத் தேவையில்லாத நினைவகத்தை எப்போது, எந்த அளவில் திருப்பித் தரலாம் என்பது என் பொருள். அதற்குக் கெர்னலின் கேவிஎம் பகுதியிலும் கை வைக்க வேண்டும், கருவியிலும் கை வைக்க வேண்டும். க்யூஎமுவை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார்கள். மயூர் விஹார் ஃபேஸ் ஒன்னில் மூன்றாம் மாடி வாடகை அறையில், மே மாத வெயிலில், எட்டு ஆண்டு பழைய மடிக்கணினியில் க்யூஎமுவை ஒருமுறை தொகுத்துப் பார்த்தவர்கள் அதைக் கேட்க மாட்டார்கள். கேவிஎம்டூல் தேநீர் கொதிப்பதற்குள் தொகுந்துவிடும். அதைவிட முதன்மையான காரணம், ஒரே மனிதர் முழுதாகப் படித்து மனத்தில் இருத்திக்கொள்ளும் அளவில் அது இருக்கிறது என்பது. ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் மூலம் அப்படி இருக்க வேண்டும் என்பது என் கொள்கை.

முதல் இரண்டு ஆண்டுகள் கெர்னலையும் கருவியையும் ஒரே மரத்தில் வைத்தே வேலை செய்தேன். என்பெர்க் விரும்பிய அதே அமைப்பு. அதன் இன்பத்தை மறுக்க மாட்டேன். வாயிலில் ஒரு புதிய அழைப்பைச் சேர்க்கிறீர்கள். உள்ளே அதை நிறைவேற்றும் பகுதியும் வெளியே அதை அழைக்கும் பகுதியும் ஒரே மாற்றமாகப் பதிவாகின்றன. பிடிக்கவில்லை என்றால் இரண்டையும் ஒருசேரப் பின்வாங்கலாம். அழைப்பின் வடிவத்தை ஒரே வாரத்தில் ஐந்து முறை மாற்றினேன், எதுவும் உடையவில்லை. மோல்னாரின் வாதத்தில் இருக்கும் உண்மை இதுதான் என்று அப்போது விளங்கியது. ஒன்றாக வளர்பவை ஒன்றாக இருந்தால் வேகம் வருகிறது.

ஆனால் ‘எதுவும் உடையவில்லை’ என்ற அந்த நிம்மதியே ஐயத்தையும் கிளப்பியது. உடைவதற்கு அங்கே வேறு யாருமில்லையே!

இங்கே எனக்குத் துணைக்கு வருவது தமிழ் உரை மரபு. கணினியியலில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்குத் தமிழ்த்துறை நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். நம் மரபில் மூலம் ஒன்று, உரை வேறொன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர், தெய்வச்சிலையார், கல்லாடர் என ஐவர் உரை கிடைக்கிறது. ஐவரும் ஒரே நூற்பாவை எடுத்துக்கொண்டு வெவ்வேறு பொருள் காண்கிறார்கள். ஒருவரை ஒருவர் மறுக்கிறார்கள். மூலம் எவருடைய உரையையும் சாராமல் தனித்து நிற்பதால்தான் இது முடிகிறது. இதற்கு மாறான மரபும் நம்மிடம் உண்டு. இலக்கண விளக்கம் எழுதிய வைத்தியநாத தேசிகர் தம் நூலுக்குத் தாமே உரையும் எழுதினார். இலக்கணக் கொத்தின் சாமிநாத தேசிகரும் அப்படியே. தன்னுரைக்குப் பெரிய நன்மை ஒன்றிருக்கிறது: ஆசிரியர் கருதியது என்ன என்பதில் ஐயமே எழாது. அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நூற்பா தெளிவில்லாமல் இருந்தாலும் உரை அதை மூடிவிடும். தெளிவின்மை இருப்பதே ஆசிரியருக்குத் தெரியாமல் போகும்.

கெர்னலும் கருவியும் ஒரே மரத்தில் இருப்பது தன்னுரை. கேவிஎம்மின் வாயில் மூல நூற்பா. க்யூஎமு, கேவிஎம்டூல், கூகுளின் க்ராஸ்விஎம், அதிலிருந்து கிளைத்து அமேசான் 2018-இல் வெளியிட்ட ஃபயர்கிராக்கர், இன்டெல் தொடங்கிய கிளவுட் ஹைப்பர்வைசர் எல்லாம் அதற்கு எழுந்த உரைகள். கேவிஎம் எழுதப்பட்டபோது ரஸ்ட் மொழி வெளியுலகுக்கு வந்திருக்கவே இல்லை. ஃபயர்கிராக்கர் முழுதும் ரஸ்டில் எழுதப்பட்டது. கெர்னலைத் தொடாமல், கெர்னல் எழுதியவர்களிடம் இசைவு கேட்காமல், வாயிலின் ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதை எழுத முடிந்தது. 2011-இல் கேவிஎம்டூல் உள்ளே போயிருந்தால் இவை பிறந்திருக்கா என்று சொல்ல மாட்டேன். வரலாற்றில் அப்படி உறுதி கூறுவது எளிதும் தவறும். ஆயினும் ‘அதிகாரபூர்வக் கருவி’ ஒன்று கருவறைக்குள் இருக்கும்போது, வாயிலை மற்றவர்களுக்காகத் துலக்கி வைக்கும் கட்டாயம் குறைந்திருக்கும் என்பதை என் சொந்த மரத்திலேயே கண்டேன். என் புதிய அழைப்புக்கு இரண்டு ஆண்டுகளாக ஒரு வரி ஆவணம்கூட எழுத வேண்டிய தேவை எழவில்லை. ஒரே வாசகன் நான்தானே.

உள்ளே இருந்தால் உயிர் நிலைக்கும் என்ற நம்பிக்கை ஆய்வு மாணவர்களிடையே வலுவாக உண்டு. கெர்னலில் சேர்ந்துவிட்டால் உலகமே பேணும் என்று நினைக்கிறோம். எல்கெஸ்ட்டின் கதையை அவர்கள் அறிய வேண்டும். ரஸ்டி ரஸ்ஸல் எழுதிய சிறிய மெய்நிகராக்கி அது, 2007-இல் 2.6.23 பதிப்பில் சேர்ந்தது. பொறியைத் தொடங்கும் பயனர் கருவியும் உடன் சேர்ந்தே மரத்துக்குள் வந்தது, அதுவும் ஆவணக் கோப்புறைக்குள்! ரஸ்ஸல் தம் நிரலின் குறிப்புகளை ஒரு பயணக் கதை போல இயல் இயலாகக் கோத்திருந்தார். நிரலை இலக்கியமாக வாசிக்க விரும்புகிறவர்களுக்கு இன்றும் அதைப் பரிந்துரைப்பேன். நாங்கள் கேட்பதெல்லாம் எல்கெஸ்ட்டுக்கு வாய்த்திருந்தது. 2017-இல் வெளியான 4.14 பதிப்பில் அதை முழுதாக நீக்கிவிட்டார்கள். 32 பிட் இன்டெல் செயலிக்கு மட்டுமே பயன்பட்ட அதை ஓட்டுவோர் அருகிப்போயிருந்தார்கள். ஆனால் எல்கெஸ்ட்டை எழுதிய அதே கை உருவாக்கிய விர்ட்டியோ, அதாவது மெய்நிகர் பொறியும் புரவலர் பொறியும் தரவு பரிமாறிக்கொள்ளும் ஒப்பந்தம், இன்று ஏறக்குறைய எல்லா மேகக்கணினிகளிலும் ஓடுகிறது. கருவி போயிற்று, ஒப்பந்தம் நின்றது.

வெளியே தள்ளப்பட்ட கேவிஎம்டூல் என்னவாயிற்று? புதிய செயலிக் கட்டமைப்புகளுக்குக் கேவிஎம்மைக் கொண்டுவருகிறவர்கள் முதலில் கையில் எடுக்கும் கருவி அதுவாகிவிட்டது. ஆர்ம் கட்டமைப்பில் அப்படி நடந்தது. ரிஸ்க்-வியில் நடந்ததை நம் நாட்டுக் கதையாகவே சொல்லலாம். அப்போது வெஸ்டர்ன் டிஜிட்டலில் இருந்த அனுப் படேல், ரிஸ்க்-விக்கான கேவிஎம்மை 2019-இல் முன்வைத்தார். அதை ஓட்டிப் பார்க்க அவர் சுட்டிய கருவி கேவிஎம்டூல். படேல் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எக்ஸ்வைசர் என்ற மெய்நிகராக்கியைத் தொடங்கியவர். அது லினக்ஸுக்கு வெளியே தனித்து நிற்பது. வெளியே வாழ்வதன் அருமையும் அருஞ்செலவும் தெரிந்த ஒருவர் உள்ளே வர விரும்பினார்.

ஆனால் அவரையும் வாசலில் நிறுத்தினார்கள். செயலியின் மெய்நிகராக்க விரிவு குறித்த விவரக்குறிப்பு இன்னும் உறுதிப்படவில்லை, உறுதிப்படாத விவரக்குறிப்புக்கு எழுதிய நிரலை ஏற்பதில்லை என்பது ரிஸ்க்-வி பகுதியின் விதி. 2021-இல் அதை ‘ஸ்டேஜிங்’ என்னும் காத்திருப்புக் கோப்புறையிலாவது வைக்க முயன்றார்கள். அந்தக் கோப்புறையைப் பேணும் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் ஏற்கவில்லை. நிரலில் குறை இருந்தால் திருத்திக்கொள்ள வைக்கும் இடம் அது. நிரல் நன்றாகவே இருக்கிறது, காகிதத்துக்காகக் காத்திருக்கிறது என்றால் அதற்கு உரிய இடம் அதுவன்று. பதினெட்டுக்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கடந்த பிறகே, 2022 ஜனவரியில் வெளியான 5.16-இல் அது உள்ளே வந்தது. அந்தக் காத்திருப்பில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. விவரக்குறிப்பும் நிரலும் ஒன்றையொன்று நோக்கிக் காத்திருந்தால் இரண்டும் முதிர்வது தாமதமாகும். சென்னை ஐஐடியின் சக்தி செயலி, திருவனந்தபுரத்தில் சிடாக்கின் வேகா செயலி என்று இங்கே ரிஸ்க்-வியை நம்பி வேலை செய்வோர் மிகுந்த காலம் அது. ஆனால் விதியின் தருக்கம் சரியானது. உள்ளே வந்த அழைப்பைப் பிறகு மாற்ற முடியாது. பயனர் நிரலை உடைக்கக் கூடாது என்பது டோர்வால்ட்ஸ் எள்ளளவும் விட்டுக்கொடுக்காத நெறி. முகூர்த்தம் குறித்த பின் பெண்ணின் பெயரை மாற்ற முடியாது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள், அதுபோல.

இந்த வட்டாரத்தில் வசிக்கிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மயூர் விஹாரின் டிடிஏ குடியிருப்புகளில் தரைத்தள வீட்டார் பின்கட்டை நீட்டி ஓர் அறை எடுக்க விரும்பினால், மேலே உள்ள மூன்று வீட்டாரையும் அழைத்துப் பேசுகிறார்கள். கீழே எழும் தூணின் மேல்தான் மற்றவர் அறைகள் நிற்கும். நீட்டியபின் ஒருவர் மட்டும் தன் பங்கை இடித்துக்கொள்ள முடியாது. நான் குடியிருக்கும் வரிசையில் அந்தப் பேச்சு மூன்றாண்டாக நடக்கிறது. வாடகைக்காரனான எனக்கு அதில் குரல் இல்லை. ஆனால் கெர்னல் பேணுவோரின் தயக்கத்தைப் புரிந்துகொள்ள அந்தப் படிக்கட்டுப் பேச்சுகள் ஓரளவு உதவியிருக்கின்றன.

பெர்ஃப் மட்டும் எப்படி உள்ளே இருந்து செழித்தது என்று கேட்கலாம். நேர்மையாகச் சொன்னால், அது வலுவான எதிர்ச்சான்று. கெர்னலின் உள்ளுறுப்புகளை அளப்பதே அதன் தொழில். கெர்னலை எழுதுகிறவர்களே அதன் முதல் பயனர்கள். ஆகவே அங்கே தன்னுரை பொருந்துகிறது. அதற்கும் ஒரு விலை இருக்கிறது. உபுண்டுவில் கெர்னலைப் புதுப்பித்த மறுநாள் பெர்ஃபை அழைத்து, இந்தக் கெர்னலுக்குரிய பெர்ஃப் கிடைக்கவில்லை என்ற செய்தியைக் கண்டு நொந்துபோகாத ஆய்வு மாணவர் உண்டா? பழைய பெர்ஃப் புதிய கெர்னலிலும் ஓடக்கூடியதே. ஒரே மரத்தில் பிறந்ததால் பொதி கட்டுவோர் இரண்டையும் பதிப்பெண்ணால் முடிந்துவிட்டார்கள். இந்த முடிச்சு நிரலில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது; அதனாலேயே அவிழ்ப்பது கடினம்.

இன்னொரு திருப்பமும் உண்டு. இன்றைய கெர்னல் மரத்தில் ‘டூல்ஸ்’ கோப்புறைக்குள் கேவிஎம் என்றே ஓர் உட்கோப்புறை இருக்கிறது. திறந்தால், கேவிஎம்மின் நிகழ்வுகளை எண்ணிக் காட்டும் ஒரு சிறு கருவி மட்டும் இருக்கும். 2016-இல் க்யூஎமுவிலிருந்து இங்கே குடிபெயர்ந்தது அது. 2018 முதல் கேவிஎம்மின் வாயிலைத் தட்டித் தட்டிச் சோதிக்கும் நிரல்களும் மரத்துக்குள் சேர்ந்துவருகின்றன. அவையும் மெய்நிகர் பொறியை உண்டாக்குகின்றன, ஓட்டுகின்றன, ஆனால் யாருடைய இயங்குதளத்தையும் ஏற்றுவதில்லை. மோல்னார் கேட்டதில் ஒரு பங்கு இப்படிச் சத்தமில்லாமல் நிறைவேறியிருக்கிறது. சோதிப்பதற்கு வேண்டியது உள்ளே, வாழ்வதற்கு வேண்டியது வெளியே என்று ஒரு கோடு தானாக விழுந்துவிட்டது. எவரும் கூடிப் பேசி இக்கோட்டை வரைந்ததாகத் தெரியவில்லை.

நானும் அந்தக் கோட்டையே பின்பற்றினேன். மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் கருவியை மரத்திலிருந்து பிரித்துத் தனிக் களஞ்சியமாக்கினேன். பிரிக்க ஒரு நாள் போதுமாக இருந்தது. வாயிலைச் செப்பனிட நான்கு மாதம் ஆயிற்று. இனி என் கருவி, என் மாற்றம் இல்லாத கெர்னலையும் சந்திக்கக்கூடும். ஆகவே முதலில் கேட்டறிய வேண்டும். கேவிஎம்மில் இதற்கென்றே ஓர் அழைப்பு உண்டு: ‘இந்தத் திறன் உன்னிடம் இருக்கிறதா?’ என்று கருவி கேட்கும். இல்லையென்றால் கெர்னல் சுழியத்தைத் திருப்பும். அந்தக் கேள்வியைச் சேர்த்தவுடன் அடுத்த கேள்விகள் வரிசையாக வந்தன. திறன் இருக்கிறது, ஆனால் பக்க அளவு வேறு என்றால்? மெய்நிகர் செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவகத்தைத் திருப்பிக் கேட்டால்? திருப்பித் தந்த பக்கத்தைப் பொறி மறுகணமே தொட்டால்? ஒரே மரத்தில் இருந்தவரை இவற்றுக்கெல்லாம் விடை ‘கருவி அப்படிச் செய்யாது’ என்பதாக இருந்தது. பிரித்தபின் அது விடையாகாது. இந்தக் கேள்விகளே ஐந்தாம் இயலின் பகுதிகளாகிவிட்டன. மூன்றாவது கேள்வி ஒரு தனிக் கட்டுரையாகவும் வளர்ந்திருக்கிறது.

என் நெறியாளர் இன்னும் முழுதாக உடன்படவில்லை. ‘இரு களஞ்சியம் என்றால் ஆய்வேட்டின் முடிவுகளை மீட்டு ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர் இரண்டின் பதிப்பையும் பொருத்தித் தேட வேண்டாமா?’ என்று கேட்கிறார். சரியான கேள்வி. ஒவ்வோர் அட்டவணையின் கீழும் இரண்டின் பதிவெண்ணையும் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டையும் ஒருசேர இறக்கித் தொகுக்கும் ஒரு சிறு உரைநிரலும் இணைப்பாக இருக்கும். அவருக்கு அது போதவில்லை. தேர்வாளர்களுக்குப் போதுமா என்பது வாய்மொழித் தேர்வில் தெரியும்.

சென்ற மாதம் எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவர், என் கெர்னல் மாற்றங்களை எடுத்துக்கொள்ளாமல், கருவியை மட்டும் தம் பொறியில் இறக்கியிருந்தார். அவரிடம் இருந்தது ஒரு பழைய 6.1 கெர்னல். ‘அண்ணா, திறன் இல்லை, வழக்கமான முறையில் தொடர்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடுகிறதே, இது பிழையா?’ என்று கேட்டார். பிழை இல்லை தம்பி, அப்படித்தான் ஓட வேண்டும் என்றேன். அவர் இப்போது அதே வாயிலுக்கு ரஸ்டில் வேறொரு கருவி எழுதத் தொடங்கியிருக்கிறார். என் ஆவணத்தின் மூன்றாம் பத்தி இரு பொருள் படுகிறது என்று நேற்றிரவு ஒரு குறை பதிந்திருக்கிறார். அவர் சொல்வது சரிதான். இன்று திருத்த வேண்டும்.